ஒரே விலை

"அஞ்சு மணிக்கு மேல பெங்கா கடைக்குப் போடி. நல்ல ரொட்டி, பாதி விலை!"

தயிர் வாங்க நின்ற வரிசையில், முன்னால் இருந்த பெண் தன் தோழியிடம் சொன்னது நெவேனாவின் காதில் விழுந்தது. அவளுக்குச் சுருக்கென்றது.

பல்கேரியாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி போய், அரசாங்கம் ரொட்டிக்கு விலை வைப்பதை நிறுத்தி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஊரில் புதிதாக ரொட்டிக் கடை போட்டவர்கள் எல்லாம் சேர்ந்து சங்கம் ஆரம்பித்தார்கள். சங்கம் கூடிச் செய்த முதல் வேலை, எல்லோருக்கும் ஒரே விலை வைத்ததுதான். விலையை யாராவது ஒருத்தர் வைத்துத்தானே ஆக வேண்டும்? அப்படித்தான் எல்லோருக்கும் தோன்றியது.

நெவேனாவும் ஒரு ரொட்டிக் கடைக்காரி; சங்கத்தின் செயற்குழுவில் இருந்தாள். தயிரைக்கூட வாங்காமல் நேராகத் தலைவர் மெத்தோடியிடம் போனாள்.

வெள்ளிக்கிழமை கூட்டம்.

"தோழர்களே..." என்று ஆரம்பித்த மெத்தோடி நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிக்கணும். கனவான்களே!"

"இருபது வருஷம் அரசாங்க ரொட்டி ஆலையில டைரக்டரா இருந்த வாய், சீக்கிரம் மாறுமா?" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

பெங்கா மட்டும் சிரிக்கவில்லை. கையில் மாவு ஒட்டியிருக்க, எழுந்து நின்றாள்.

"பாதி விலைக்கு விக்கிறீங்களாமே, நிஜமா?" என்று கேட்டார் மெத்தோடி.

"சாயங்காலம் மட்டும்."

"உங்களுக்கு மட்டும் எப்படிம்மா கட்டுப்படியாகுது? மாவுல மரத்தூள் கலக்கறீங்களா?"

மறுபடி சிரிப்பு.

"கலப்படமெல்லாம் இல்ல."

"பின்னே, எங்கிருந்து வருது அவ்வளவு ரொட்டி?"

பெங்கா நெவேனாவையே பார்த்தாள்.

'காட்டிக் கொடுத்தது நான்தான்னு தெரிஞ்சுபோச்சு போல' என்று நெவேனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தப்புதான்" என்றாள் பெங்கா. "உங்க முடிவு எதுவோ அப்படியே செய்யுங்க."

"பெங்காவை நீக்கலாம்கிறவங்க கை தூக்குங்க."

முதலில் தூக்கியது நெவேனா. பிறகு ஒவ்வொன்றாக எல்லாக் கைகளும் எழுந்தன. கடைசியில், பழைய கட்சிக் கூட்டங்களின் பழக்க தோஷத்தில், பெங்காவின் கையும்.

"ஏகமனதாக" என்றார் மெத்தோடி.

சங்கத்திலிருந்து நீக்கினால் மாவு கிடையாது. மாவு ஆலைக்காரர்கள் சங்கத்துக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். மாவு இல்லையென்றால் கடை இல்லை. இது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

நெவேனா வீட்டுக்கு வந்தபோது கணவன் ராங்கெல் மாவு பிசைந்துகொண்டிருந்தான். கூட்டம், கணக்கு, பேச்சு எல்லாம் அவள் பொறுப்பு. அடுப்பும் கடையும் அவன் பொறுப்பு.

"பெங்காவைத் தூக்கியாச்சு" என்றாள், கோட்டைக் கழற்றியபடி. "விலையைக் குறைச்சு நம்ம எல்லார் வயித்துலயும் அடிக்கப் பாத்தா."

பிசைந்த கை அப்படியே நின்றது.

"அவ ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்லுவா? திருடி மாதிரி நின்னா."

ராங்கெல் கையைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான்.

"அது நம்ம ரொட்டி, நெவேனா."

"என்னது?"

"போட்டதுல பாதிகூட இங்க விக்காம சாயங்காலம் மிஞ்சிடுது. விலையைக் குறைக்கலாம்னா, நீ செயற்குழுவுல இருக்க."

"மிஞ்சினதைப் பன்னிப் பண்ணைக்குப் போடறேன்னு சொன்னியே!"

"ரொட்டியைப் பன்னிக்குப் போட எனக்கு மனசு வரல. பெங்கா கடை டிராக்டர் ஃபேக்டரிப் பக்கம். ஃபேக்டரி மூடினதுலேர்ந்து அந்தப் பக்கத்து ஜனங்க முழு விலை குடுத்து வாங்கற நிலைமையில இல்ல. 'கொண்டா, நான் வித்துத் தரேன்'னா. வித்த காசை அப்படியே என் கையில குடுத்துடுவா. போன குளிர்காலம் நம்ம அடுப்பு எரிஞ்சது அந்தக் காசுலதான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ விட்டிருப்பியா? உன் காதுக்குப் போகக் கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன்."



திங்கட்கிழமை ஆலையிலிருந்து சங்கத்துக்கு மாவு வந்தது. நெவேனா தன் பங்கை வாங்கித் தள்ளுவண்டியில் ஏற்றி, ராங்கெலோடு ஃபேக்டரிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். பெங்கா கடை பூட்டியிருந்தது. பக்கத்திலிருந்த அவள் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"நான்தான் அக்கா, நெவேனா. மாவு கொண்டு வந்திருக்கேன்."

கதவு திறக்கவில்லை.

"அடுத்த கூட்டத்துல எழுந்து எல்லாத்தையும் சொல்லிடறேன்க்கா. இப்ப இதை வச்சுக்குங்க." நெவேனா ஒரு மூட்டையை இறக்கி வாசலில் வைத்தாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றது உள்ளேயிருந்து பெங்காவின் குரல். கோபம் இல்லாத குரல். "சொன்னா உங்களையும் நீக்கிடுவாங்க. மாவையும் எடுத்துட்டுப் போயிடு. ஒரு அடுப்பு அணைஞ்சது போதும்."

ராங்கெல் மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

நெவேனா குனிந்து, மூட்டையைத் தூக்கி மறுபடி வண்டியில் ஏற்றினாள்.