அப்பாவின் சனிக்கிழமை

“மோந்து பாரு மகன்! சென்ட் வாசம் வருதா இல்லியா?”

டொறீன் கணவனின் அழுக்குச் சட்டையை மகனின் மூக்கருகே நீட்டினாள். ரொமேஷ் மோந்து பார்த்தான். வந்தது.

“கொஞ்ச நாளா இப்படித்தான். சனிக்கிழமையானா குளிச்சு, சட்டைய அயர்ன் பண்ணிப் போட்டுக்கிட்டு மாத்தளைக்குக் கிளம்பிடுறாரு. கேட்டா ஆட்டோவுக்கு சாமான் வாங்கணுமாம். அந்த ஆட்டோவ வீட்டுல விட்டுட்டு பஸ்ல போறாரு!”

இரத்தோட்டையில் ஆட்டோ ஓட்டும் மைக்கல், எஞ்சின் ஒயில் வாசத்தைத் தவிர வேறு வாசத்தோடு வீடு வந்ததே இல்லை.

“அது மட்டுமா? பாத்ரூமுக்குள்ள நின்னுக்கிட்டு ‘ஷீ இஸ் வெயிட்டிங், ஷீ இஸ் வெயிட்டிங்’னு முணுமுணுக்கிறாரு. ஷீன்னா பொம்பளதானே?”

“ஆமாம்மா.” ரொமேஷுக்குத் தெரிந்த இங்கிலிஷில் அதற்கு வேறு அர்த்தம் இல்லை.

அவன் கவலை வேறு. ஏ.எல். பரீட்சை வரை தமிழில் படித்துக் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவனுக்கு, கெம்பஸில் எல்லாமே இங்கிலிஷ். லெக்சரர் பகிடி விட்டால் மற்றவர்களோடு சேர்ந்து சிரிப்பான், எதற்கென்று தெரியாது. முதல் சோதனையிலேயே இரண்டு பாடம் பெயில்.

லீவுக்கு வந்தவன் மெத்தையையும் வாளியையும் கூடக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். இனிக் கெம்பஸுக்குப் போவதில்லை. அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

இப்போது ஒரு வழி தெரிந்தது. அப்பாவின் குட்டு உடைந்தால், தன்னுடையது சின்ன விசயமாகிவிடும்.

“பின்னாலயே போய்ப் பாத்துடுவோம்மா,” என்றான்.

அந்தச் சனிக்கிழமை மைக்கல் முன்கதவால் ஏறிய பஸ்ஸில், இருவரும் பின்கதவால் ஏறினார்கள். நல்ல கூட்டம். அவர் திரும்பவே இல்லை. ஜன்னலைப் பார்த்தபடி வழி நெடுக உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார்.

“பாரு, அவகிட்ட பேசுறதுக்கு இப்பவே பழகுறாரு,” என்று பல்லைக் கடித்தாள் டொறீன்.

மாத்தளையில் இறங்கிய மைக்கல் சீப்பை எடுத்துத் தலையை வாரினார். ஒரு சந்துக்குள் நுழைந்து, மூலைக் கட்டடத்தின் மாடிப்படியில் ஏறினார். கொஞ்சம் பொறுத்து இவர்களும் ஏறினார்கள். மூடியிருந்த கதவுக்கு அந்தப் பக்கம் ஓர் இளம்பெண்ணின் குரல் கேட்டது.

“என்ன வெக்கம்? இங்க கிட்ட வந்து சொல்லுங்க, மைக்கல்.”

“பேரச் சொல்லிக் கூப்புடுறா!” டொறீன் குடையை ஓங்கிக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

உள்ளே நாலைந்து வாங்குகள். அவற்றில் உட்கார்ந்தபடி ஸ்கூல் பிள்ளைகள், பெரியவர்கள் இரண்டொருவர். வெள்ளைப் பலகைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு மைக்கல் நின்றார். பக்கத்தில் ஸ்பீக்கிங் கிளாஸ் நடத்தும் ஹம்சிகா டீச்சர், குடையைப் பார்த்து மிரண்டு போயிருந்தாள்.

“என்னங்க இது? இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இங்கிலிஷு?” டொறீனின் குடை தானாகத் தாழ்ந்தது.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். மைக்கலின் முகம் சிவந்தது. அவர் மனைவியைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற மகனைத்தான் பார்த்தார்.

“பாடம் விளங்கல, வீட்டுலயும் கேட்டுப் படிக்க ஆளில்லன்னு போன்ல நீதானே அழுத? கொஞ்சம் பொறு மகன், அப்பா சீக்கிரமா படிச்சிடுறேன்.”