பிரபு வீட்டு வம்சாவளி

"ஞாயிற்றுக்கிழமை காலி பண்ணிடலாம். புது வீட்டு ஓனர்கிட்ட சொல்லிட்டேன்" என்றான் கணவன், அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டியபடி.

அவள் அவன் போட்டுக் கொடுத்த காபியைத் தள்ளி வைத்தாள்.

"கல்யாணமாகி எட்டு மாசம். அப்பா உன்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்காரா?"

"புஸ்தகம் தர்றாரே."

"எங்கே தர்றார்? படிச்சு முடிச்சுட்டு சாப்பாட்டு மேஜைல போடுறார். நீயா எடுத்துக்கிறே."

அதுவும் உண்மைதான்.

மாமனார் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊராரின் பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாவற்றையும் முப்பது வருடம் குண்டு குண்டான எழுத்தில் பதிந்தவர். சொந்த மகனின் கல்யாணம் மட்டும் அவருக்குத் தெரியாமல் வேறொரு அலுவலகத்தில் பதிவானது. கோபம் வராமல் இருக்குமா?

இப்போது அவருடைய ஒரே பொழுதுபோக்கு, நூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலேயப் பிரபுக்களின் மாளிகைகளில் நடக்கும் கொலைக் கதைகள். பக்கத்திலேயே அந்தக் காலத்துச் சரித்திரப் புத்தகம் ஒன்றும் இருக்கும். கதையில் வரும் உயிலும் பட்டமும் சட்டப்படி செல்லுமா என்று அதில் சரிபார்ப்பார். ஆபீஸ் புத்தி லேசில் போகுமா?

அந்தப் பைத்தியம் மருமகளுக்கும் தொற்றிக்கொண்டது. முதல் புத்தகத்திலேயே அவளுக்குத் தலை சுற்றியது. பிரபு, பிரபுவின் தம்பி, தம்பியின் இரண்டாவது சம்சாரம், ஒவ்வொருவருக்கும் முழ நீளத்துக்குப் பட்டம். "யாரு யாருக்கு என்ன முறைன்னே புரியலை" என்று சாப்பிடும்போது கணவனிடம் புலம்பினாள். மாமனார் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

அடுத்த புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு தாள் செருகியிருந்தது. பிரபு குடும்பத்தின் வம்சாவளி, பென்சிலில், கட்டம் கட்டமாக. 'பெரியப்பா. சொத்து முழுக்க இவருக்கே.' 'இளையவர். பட்டாளத்துக்குத் தள்ளிவிடப்பட்டவர்.' 'அத்தை. பணம் உண்டு, பிள்ளை இல்லை. உயிருக்கு ஆபத்து.'

அதன் பிறகு எல்லாப் புத்தகத்திலும் ஒரு தாள் இருந்தது. ஒருமுறை, பிரபுவின் மூன்றாவது மகள் விட்டுப்போயிருப்பதாக அவள் தாளின் ஓரத்தில் குறித்து மேஜையில் வைத்தாள். மறுநாள் அங்கே புதிதாக ஒரு கட்டம் முளைத்திருந்தது. எட்டு மாதத்தில் இருவருக்கும் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

"அதெல்லாம் அவர் ஞாபகத்துக்கு வரைஞ்சுக்கிறது" என்றான் கணவன்.

"முன்னாடியும் வரைவாரா?"

கொஞ்சம் யோசித்தான். "பார்த்ததில்லை. சரி, அதை விடு. இந்த ஒரு வாரமா நடக்கிறதைப் பாரு. மூட்டு வலிக்காரர், கீழ் ரூமை நம்ம தலையில கட்டிட்டு மாடிக்குப் போயிட்டார். ஏன்? உன் முகத்துல முழிக்கப் பிடிக்கலை. ஹால்ல சாய்ஞ்சுக்கிட்டு சிகரெட் பிடிச்சவர், இப்போ தெருவுல நின்னு பிடிக்கிறார். ஏன்? நீ இருக்கிற இடத்துல உட்காரப் பிடிக்கலை. அன்னிக்குப் பரண்ல இருந்து போர்வை எடுக்க ஸ்டூல் மேல ஏறினே. நீ இறங்கினதும் அதைத் தூக்கிட்டுப் போய்த் தன் ரூம்ல வச்சுக்கிட்டார். ஒரு ஸ்டூலைக்கூட நீ தொடக்கூடாதாம். இதுக்கு மேல என்ன வேணும்?"

பெரிய துப்பறியும் நிபுணர் மாதிரி விரல் மடக்கி அடுக்கினான். ஸ்டூல் விஷயம் அவளுக்கும் வலித்திருந்தது.

ஆனாலும் போக மனம் வரவில்லை. பெற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகு, அவளுக்கென்று மிச்சமிருந்த பெரியவர் இவர் ஒருவர்தான். ஒரே ஒரு தடவை அவர் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட வேண்டும் என்று ரொம்ப ஆசைப்பட்டாள். இனி எங்கே கூப்பிடப் போகிறார்?

"இந்தப் புஸ்தகத்தை மேஜைல வச்சுட்டு வந்துடறேன்" என்று எழுந்தாள்.

"முடிச்சிட்டியா?"

"இல்லை. இப்பல்லாம் நாலு பக்கம் படிச்சா தூக்கம் சொக்குது."

சாப்பாட்டு மேஜையில் புதுப் புத்தகம் ஒன்று தயாராகக் கிடந்தது. மாடியில் மாமனார் நடக்கும் சத்தம் கேட்டது. வழக்கம்போல முதல் பக்கத்தைப் பிரித்துத் தாளை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன, இந்தத் தடவை எந்தப் பிரபு காலி?" என்று கேட்டுக்கொண்டே கணவன் வந்தான்.

தாளில் பிரபு யாரும் இல்லை. மேல் கட்டத்தில் மாமனாரின் பெயர். பக்கத்தில், அவள் பார்த்தேயிராத மாமியாரின் பெயர். கீழே மகன். அங்கிருந்து ஸ்கேல் வைத்து நேராக இழுத்த ஒரு கோடு. கோட்டின் முடிவில் அவள் பெயர் இருந்தது. பென்சிலில் இல்லை, பதிவேட்டில் ஏற்றியதுபோல மையில்.

அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"இது நம்ம குடும்பமில்ல?" கணவனின் குரல் இறங்கிவிட்டது. கையிலிருந்த டேப்பை மேஜையில் வைத்தான். "அப்பாவா எழுதினார்?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"நமக்குக் கீழே ஒரு காலிக் கட்டம் இருக்கு பாரு. 'பெயர்: பின்னர் நிரப்பப்படும்'னு போட்டிருக்கார். யாரு அது?"

"புது வீட்டுக்குப் போய் உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன். டெஸ்ட் பண்ணி எனக்கே நேத்துதான் தெரியும்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உங்கப்பா மாடிக்குப் போய் ஒரு வாரமாச்சு."