முப்பத்திரண்டாவது தவறு

அன்று வாடகைக் கார் அலுவலகத்தின் கவுன்டர் முன்னால் இருந்தவர்கள் ஆறு பேர்: மாமனார், மாமியார், மகள், மாப்பிள்ளை, கவுன்டர் பெண், ஒரு போக்குவரத்துக் காவலர். ஏழாவதாக யாரும் இல்லை. தானும் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரியும் உறவினர்களை நம்ப வேண்டாம்.

மாமனார் ஓய்வு பெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர். முப்பது வருடப் பணியில், தவறு என்று தெரிந்த ஒன்றை அவர் எழுதாமல் விட்டதில்லை. மாப்பிள்ளை பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். பதினெட்டு வருடத்தில் அவர் மேல் ஒரு வழக்கு கிடையாது. வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அதனால்தான் பள்ளிக்கூடம் கண்ணை மூடிக்கொண்டு அவரை நம்பிப் பிள்ளைகளை அனுப்பியது. லைசென்ஸில் ஒரு குறிப்பு ஏறினால், அது எந்த நாட்டில் ஏறினாலும், அந்த வேலை போய்விடும்.

ஒரு வாரச் சுற்றுலா. போன நாட்டில் எல்லாம் தலைகீழ். வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும், ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும். ஒப்பந்தத்தில் ஓட்டுநர் என்று மாப்பிள்ளையின் பெயர் மட்டும்தான். ஆனால் வெளிநாட்டவருக்கான சாலை விதிப் புத்தகத்தை விமானத்திலேயே இரண்டு முறை படித்து முடித்தவர் மாமனார்.

முன் இருக்கையில் உட்கார்ந்து, சட்டைப் பை நோட்டில் அவர் எழுதிக்கொண்டே வந்தார். இண்டிகேட்டருக்குப் பதிலாக வைப்பரைப் போட்டது, ஒன்று. பகலில் முகப்பு விளக்கை எரியவிட மறந்தது, இரண்டு. ரவுண்டானாவுக்குள் ஏற்கெனவே இருக்கும் வண்டிக்கு வழிவிடத் தயங்கியது, மூன்று. ஆறு நாளில் முப்பத்தொன்று சேர்ந்துவிட்டது.

"பஸ் ஓட்டறது வேற, வண்டி ஓட்டறது வேற மாப்பிள்ளை," என்பார். "பதினெட்டு வருஷமா ஒரே ரூட்டுல போனா மாடுகூடத் தப்பு பண்ணாது."

மாப்பிள்ளை ஒவ்வொரு முறையும் "சரிங்க மாமா" என்பார். மாமியார் பின் இருக்கையிலிருந்து, வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோம் என்று கணவருக்கு நினைவூட்டுவார். அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசி நாள். மாமனார் விடியற்காலையிலேயே வெளியே போய்விட்டு வந்து, குளித்துச் சவரம் செய்து தயாராக இருந்தார். மாப்பிள்ளை காரில் ஏறியதும் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. இருக்கையைப் பின்னால் தள்ளிக்கொண்டு, காரைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார். மாமனாரும் வழியில் நோட்டை வெளியே எடுக்கவில்லை.

கவுன்டரில் காவலர் காத்திருந்தார். அவர் சொன்னதை மகள் தமிழில் சொன்னாள். காலை ஆறு பத்துக்கு இந்தக் கார் ரவுண்டானாவை எதிர்ப்பக்கமாகச் சுற்றி, ஒரு பூக்கடைப் பலகையை இடித்துச் சாய்த்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. கேமராவில் எண் விழுந்திருக்கிறது, முகம் விழவில்லை. ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர் ஓட்டியிருந்தால் அபராதமும் லைசென்ஸில் ஒரு குறிப்பும். வேறு யாராவது ஓட்டியிருந்தால் காப்பீடு செல்லாது. அந்த ஆள் இன்று விமானம் ஏற முடியாது, காவல் நிலையம்தான்.

மகள் கணவனைப் பார்த்தாள். மாமனார் விதிப் புத்தகத்தைப் பார்த்தார்.

"நான்தான்," என்றார் மாப்பிள்ளை. "டேங்க்கை நிரப்பிக் கொடுக்கணுமேன்னு விடியக்காலையில பெட்ரோல் போடப் போனேன். பழக்க தோஷம். பக்கம் மாறிப்போச்சு."

மகள் அதை மொழிபெயர்த்தாள். அப்போது கவுன்டர் பெண் சும்மா இருக்காமல், கார் எடுத்த அன்றே இந்தப் பெரியவர் ஏதோ குறித்துக்கொண்டிருந்தாரே என்றாள். காவலர் நோட்டைக் கேட்டார்.

முப்பத்தொரு தவறும் வெளியே வந்தால் குறிப்போடு நிற்காது, லைசென்ஸே போய்விடும். மாமியார் கண்ணை மூடிக்கொண்டார்.

மாமனார் நோட்டைச் சட்டைப் பைக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"இது குடும்பத்து நோட்டு. மூணாம் மனுஷன் கைக்குப் போகாதுன்னு சொல்லும்மா."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அப்பா தன் கணவன் பக்கம் நின்றது அதுதான் முதல் தடவை. மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. காவலர் வற்புறுத்தவில்லை. அபராதச் சீட்டில் மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். எல்லோரும் விமானத்தைப் பிடித்தார்கள்.

ஊர் திரும்பியதும் பள்ளிக்கூடம் மாப்பிள்ளையைப் பேருந்திலிருந்து இறக்கி, டயர் மாற்றும் ஷெட்டுக்கு அனுப்பியது.

மாப்பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றத்தான் மாமனார் நோட்டைக் கொடுக்கவில்லை என்று உறவில் பலரும் இன்றுவரை மெச்சிப் பேசுகிறார்கள். அது உண்மையல்ல. அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில், மாமனாரின் திருத்தமான கையெழுத்தில் இருப்பது இதுதான்:

'முப்பத்திரண்டு: காலை 6.10, ரவுண்டானாவை எதிர்ப்பக்கமாகச் சுற்றியது, பலகையை இடித்தது, நிற்காமல் வந்தது, ஓட்டியவர், நான். முப்பத்து மூன்று: காலை 10.40, காவலரிடம் பொய் சொன்னது, சொன்னவர், மாப்பிள்ளை.'