எட்டு கிலோ

"எழுபத்து நாலு!" என்று சந்திரா டீச்சர் கூவியதும் கூடம் முழுக்கக் கைத்தட்டல். தராசிலிருந்து இறங்கக்கூட மறந்து நின்றாள் மனோரமா.

ஆவணியில் சங்கத்தில் சேர்ந்தபோது அவள் எண்பத்திரண்டு கிலோ. ஸ்டேஷனில் பத்து காசு போட்டால் அட்டை துப்புகிற மிஷினில் ஏறிப் பார்த்த எடை அது. ஐந்தே மாதத்தில் எட்டு கிலோவா!

இருபத்தேழு குண்டுப் பெண்மணிகளைப் பிடித்து, 'திருத்தணி மாதர் உடல் மெலிவுச் சங்கம்' என்று பேர் வைத்து, தினமும் விடியற்காலையில் மலையடிவாரத்தில் நடக்கவிட்டுக்கொண்டிருந்தவர் சந்திரா டீச்சர். ரிட்டயரான டிரில் டீச்சர் என்பதால் அவரிடம் சலுகை கிடையாது. ராத்திரியில் சோறு தொடக்கூடாது, கொள்ளுக் கஞ்சிதான். தைக்கும் ஆடிக்குமாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்தா. பொங்கலுக்கு முந்தின ஞாயிறான இன்று, புதுப்பிக்கக் கடைசி நாள்.

"கையெழுத்தப் போடும்மா" என்று டீச்சர் நோட்டை நீட்டினார்.

மனோரமா பேனாவை வாங்கினாள். மூடியைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். போடலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாகவே இந்த ரோதனை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் உட்காரத் தோன்றியது.

அழகு போனால் போகிறது, அவள் கவலை அதுவல்ல. போன ஆடிக் கிருத்திகைக்குப் பால்குடம் எடுத்துப் படியேறியவள், பாதி மலையில் முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டாள். பால் அத்தனையும் படியில் கொட்டிப் போயிற்று. நாலு ஆள் சேர்ந்து அவளை நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்கியதைக் கடைத்தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அந்த அவமானத்தை நினைத்தால் இப்போதும் கண் கலங்கிவிடும்.

'எட்டு கிலோ கொறைங்க, முட்டி தாங்கும். தாராளமா ஏறலாம்' என்று டாக்டர் சொல்லியிருந்தார். வருகிற ஆடிக்குள் எப்படியாவது அந்த எட்டைக் குறைத்து, பால்குடத்தைச் சந்நிதியில் சேர்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் இத்தனை கொள்ளும் குடித்தாள்.

"டாக்டர் சொன்ன எட்டும் கொறைஞ்சிடுச்சே டீச்சர். இன்னும் எதுக்கு?"

"விட்டா மறுபடியும் ஏறிக்கும். ஆடி வர்ற வரைக்குமாவது இரு."

"அக்கா, பேசாம கையெழுத்தப் போட்டுடு" என்றாள் பக்கத்தில் நின்ற அம்சா. "நான்கூடத்தான் ஏழு கொறைச்சிகினேன். வுட்டுட்டனா?"

உண்மைதான். ஐப்பசிக்குப் பிறகு சங்கத்தில் எடை குறையாதவள் என்று ஒருத்திகூடக் கிடையாது. அந்தப் பெருமையில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்பது மனோரமாவின் எண்ணம். ஐப்பசியில் ஸ்டேஷன் மிஷின் ரிப்பேராகிப் போனதும், மூட்டை நிறுக்கும் இந்த இரும்புத் தராசைச் சங்கத்துக்கு அனுப்பி வைத்தவர் அவள் புருஷன் தணிகாசலம்தானே? கடைத்தெருவில் அவருக்கு நெல் மண்டியும், ஒட்டினாற்போல் அரிசிக் கடையும் இருந்தன. மண்டியில் அறுப்புக் காலம் வரும்வரை தராசு சும்மாதான் கிடந்தது.

ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. போன வருஷ அளவுக்கே தைக்கச் சொன்ன பொங்கல் ரவிக்கை, கொக்கி சேரவில்லை. துணியைத் திருடிவிட்டான் என்று தையற்காரனை வாசலில் நிறுத்தி ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

நாளைக்கு மறுநாள் பொங்கல். நெய் ஒழுகும் சர்க்கரைப் பொங்கலை மோந்து பார்த்துவிட்டு ஊருக்கெல்லாம் பரிமாறுவதா? நினைத்தபோதே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. பேனாவை நோட்டின் மேல் வைத்தாள்.

"வேணாம் டீச்சர். எங்க வூட்டுத் தராசே சொல்லிடுச்சி, இதோட போதும். ஆடிக்கு என்னை மலை மேல வந்து பாருங்க."

டீச்சர் அவள் பேரை அடித்தார். மனோரமாவுக்கு ஒரு வாரத்துக்குப் பிறகு அப்போதுதான் நிம்மதியாக மூச்சு வந்தது.

அந்த நேரம் பார்த்து, மண்டியில் வேலை செய்யும் எல்லம்மாள் உள்ளே நுழைந்தாள். வெளியே மாட்டு வண்டி நின்றது.

"அம்மா, தராசத் தூக்கிகினு போவணும்."

"என்னடி அவசரம்? இன்னும் பாதிப் பேர் ஏறவே இல்ல."

"நாளைலருந்து புது நெல்லு வருதும்மா. ஐயா கையோட எடுத்தாரச் சொன்னாரு."

"அரிசிக் கடையில இன்னொண்ணு இருக்குதில்ல? ரெண்டு நாளைக்கி அதுல நெல்ல நிறுத்துக்கச் சொல்லு."

எல்லம்மாள் சிரித்துவிட்டாள். இருபது வருஷமாகத் தன் அரைக் காணி நெல்லையும் அந்த மண்டியில்தான் போட்டுக்கொண்டிருந்தாள் அவள்.

"அதுல நெல்லு நிறுத்தா ஐயாவுக்குக் கட்டுப்படி ஆவாதும்மா."

"ஏன், ரெண்டும் தராசுதானே?"

எல்லம்மாள் தராசைச் சாய்த்து இடுப்போடு அணைத்துக்கொண்டே, கூடத்தில் இருந்த இருபத்தேழு பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"இது வாங்குற தராசும்மா. அது விக்கிற தராசு."