ஐந்து நிமிட நாற்காலி

மஞ்சள் அட்டை தன்னை நோக்கித்தான் நீண்டிருக்கிறது என்று நம்பவே அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

கேப்டனுக்கா? ஹாக்கி இறுதிப் போட்டியிலா? ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக நிற்கும்போதா?

எதிரணிப் பெண்ணின் மட்டையை வேண்டுமென்றேதான் தட்டிவிட்டாள். நடுவர் பார்த்துவிடுவார் என்று நினைக்கவில்லை.

ஐந்து நிமிடம் வெளியே. அவளுக்குப் பதில் ஆள் இறக்க முடியாது, பத்துப் பேர்தான் ஆட வேண்டும். போதாததற்கு எதிரணிக்கு ஒரு பெனால்டி கார்னர், கோலடிக்கக் கிடைத்த நல்ல வாய்ப்பு.

வெளியே போகிற கேப்டன் கைப்பட்டையை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கழற்றி எஸ்தரிடம் எறிந்தாள். எஸ்தர் பக்கத்தில் நின்றாள், அவ்வளவுதான் காரணம். நான்கு வருடமாக அணியில் இருக்கிறாள். "சரிக்கா" என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து வேறு எதுவும் வந்ததில்லை.

கோட்டுக்கு வெளியே, அதிகாரிகளின் மேசையை ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அட்டை வாங்கியவர்களுக்கானது. கோவில்பட்டி வெயிலில் கொதித்துக் கிடந்தது.

"வாட்ச அமுக்குங்கக்கா. நாந்தான் உக்காந்துட்டேம்லா!"

மேசையில் இருந்த அதிகாரி ஸ்டாப்வாட்சை அழுத்தினார். வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

அந்த நாற்காலியிலிருந்து கத்தக் கூடாது. கத்தினால் தண்டனை நீளும்.

அவளால் முடியாத காரியம் உலகத்தில் கத்தாமல் இருப்பது ஒன்றுதான். யார் எங்கே நிற்பது, யாருக்குத் தள்ளுவது, எப்போது ஓடுவது, எல்லாம் அவள் தொண்டையிலிருந்துதான் வரும். அது இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகள் திருவிழாவில் தொலைந்ததுபோல் முழிக்கும். ஐந்து நிமிடத்தில் மூன்று கோல் விழும். மாநிலப் போட்டிக்குப் போன மாதிரிதான்.

பெனால்டி கார்னரில் பந்துக்கு எதிரே முதலில் பாய்வது எப்போதும் அவள்.

இன்று யார்?

கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் ஓடுதேன். வடிவு, நீ கோல் கம்பத்த விட்டு நகராத!"

யார் குரல் அது?

கண்ணைத் திறந்தாள். எஸ்தர் ஓடிக்கொண்டிருந்தாள். பந்து அவள் மட்டையில் பட்டுத் தெறித்து வெளியே போனது.

பிறகு எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள்.

"இங்கன தள்ளு!"

"விடு, நான் இருக்கேன்!"

யாரோ சிரித்தார்கள். இறுதிப் போட்டியில், ஒரு ஆள் குறைவாக ஆடும்போது, சிரிப்பு! அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நான்காவது நிமிடம் முடியும்போது பந்து ஐந்து மட்டைகள் மாறி, கோல் வலைக்குள் போய் விழுந்தது.

இரண்டுக்கு ஒன்று.

அவள் எழுந்தே விட்டாள். கத்திவிடாமலிருக்க இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கட்டிக்கொண்டார்கள். நாற்காலிப் பக்கம் ஒருத்திகூடத் திரும்பவில்லை.

சந்தோஷம்தான். வயிறும் எரிந்தது.

"டைம் முடிஞ்சிட்டும்மா. உள்ள போ" என்றார் அதிகாரி.

மட்டையை எடுத்துக்கொண்டு கோட்டருகே போனாள். பந்து வெளியே போய் ஆட்டம் நின்றிருந்தது.

முதலில் பார்த்தது வடிவு. வடிவின் தோள் இறுகியது. பேசிக்கொண்டிருந்த எஸ்தர் பாதி வார்த்தையில் வாயை மூடிக்கொண்டாள். அவள் கை தானாகவே கேப்டன் பட்டையை அவிழ்க்கத் தொடங்கியது.

மைதானம் அமைதியானது. பத்துப் பேரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான்கு வருடமாக இந்த அமைதியைத்தான் ஒழுங்கு என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தாள்.

இன்னும் நான்கு நிமிட ஆட்டம் பாக்கி.

அவள் காலை எடுத்து உள்ளே வைக்கவில்லை. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னும் முடியலக்கா. வாட்ச நல்லாப் பாருங்க."

அதிகாரி வாட்சைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

பிறகு வாட்சை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.