கமலாம்பிகையின் தங்கச்சி

"ஏப்ரனைக் கழட்டி எறியடி! கெதியா இந்தச் சீலையைக் கட்டு. அவையள் கேற்றடிக்கு வந்திட்டினம்!"

கமலாம்பிகை வீசிய பட்டுச் சேலை, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வசந்தமலரின் தலையில் வந்து விழுந்தது.

"ஆர் அம்மா வருகினம்?"

"அம்மாவோ? தொலைஞ்சாய்! இண்டைக்கு நான் உனக்கு அக்கா. உன்னைப் பொம்பிளை கேட்டு வருகினம்."

எண்பத்தெட்டில், 'படிக்க வைக்கிறோம்' என்று சொல்லி அவளை ஊரிலிருந்து லண்டனுக்குக் கூட்டி வந்தவர்கள் கமலாம்பிகையும் அவள் புருஷன் குலசேகரமும். வந்த அன்றே பாஸ்போர்ட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். வெளியே போகும்போது அவளையும் உள்ளே வைத்துப் பூட்டினார்கள். சம்பளம் என்ற பேச்சே இல்லை. எப்போதாவது விசேஷங்களுக்குக் கூட்டிப்போனால், ஊர் வாய்க்குப் பயந்து, கேட்டவர்களிடமெல்லாம் 'என்ர தங்கச்சி' என்று சொல்லி வைத்திருந்தாள் கமலாம்பிகை. அந்தப் பொய்தான் இப்போது வாசல் மணியை அடித்தது.

"போன மாதம் அந்தப் பெரியபிள்ளையான சடங்கிலை, சாமத்தியவீட்டிலை, உங்களோடை கண்டனான். என்ர மகனுக்கு இவள்தான்!" கதிரை நிறைய உட்கார்ந்தாள் ஈஸ்ட் ஹாம் சிவனேஸ்வரி. அவளுக்குக் கார் ஓட்டி வந்த சேகர் வடையில் கண்ணாக இருந்தான்.

வீட்டுக்காரர் குலசேகரம் செருமினார். "பிள்ளைக்குச் செவ்வாய் தோஷம்..."

"மகனுக்கும் செவ்வாய்! கடவுளாப் பார்த்துச் சேர்த்திருக்கிறார்."

"சீதனம் எண்டு பார்த்தால்..."

"ஆர் அண்ணை கேட்டது?"

"அவளுக்குச் சமைக்கவும் தெரியாது," என்று குறுக்கே விழுந்தாள் கமலாம்பிகை.

"அப்ப இந்த வடை?"

"அது... நான் சுட்டது."

"நல்லதாப் போச்சு. இவள் போனாலும் இந்த வீட்டுச் சமையலுக்குக் குறையில்லை."

தேத்தண்ணித் தட்டோடு நின்ற வசந்தமலர் வாசலைப் பார்த்தாள். வராத மாப்பிள்ளை குடிகாரனோ, கிழவனோ? எவனாயிருந்தாலும் இந்த வாசலைத் தாண்டினால் போதும். ஆனால் ஒரு பூட்டிலிருந்து இன்னொரு பூட்டுக்கா?

சிவனேஸ்வரி எழுந்தாள். "இண்டைக்கே கூட்டிக்கொண்டு போறம். கூறைச் சீலை எடுக்கவேணும், கலியாண எழுத்துக்குப் பதியவேணும். பாஸ்போர்ட்டை எடுங்கோ."

"இண்டைக்கேயோ? நாங்கள் யோசிச்சு..."

"ஏன் அண்ணை இழுக்கிறியள்? அது தங்கச்சியில்லை, சம்பளமில்லாத வேலைக்காரி, பொலிசிலை சொல்லவேணும் எண்டு கோயிலடியிலை ஆரோ கதைச்சினம். நீங்கள் அப்பிடிச் செய்யமாட்டியள் எண்டு நான்தான் வாயை அடைச்சு விட்டனான். இனிப் போய் என்ன சொல்ல?"

குலசேகரம் எழுந்த வேகத்தில் கதிரை சாய்ந்தது. அலுமாரி திறந்தது. பாஸ்போர்ட் வந்தது.

வாசலில் சிவனேஸ்வரி மறுபடி நின்றாள். "ஐயோ, ஒரே தங்கச்சியை வெறுங்கழுத்தோடையோ அனுப்பப்போறியள்?"

பல்லைக் கடித்துச் சிரித்தபடி கமலாம்பிகை தன் சங்கிலியைக் கழற்றினாள்.

சேகரின் பழைய கார் தேம்ஸ் பாலத்தில் ஏறிய பிறகுதான் வசந்தமலருக்கு வாய் வந்தது.

"மாமி... உங்கட மகன் என்ன வேலை செய்யிறார்?"

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த சேகர் வெடித்துச் சிரித்தான்.

"மகனோ? எனக்குக் கலியாணமே ஆகேல்லை, பிள்ளை." சிவனேஸ்வரி பாஸ்போர்ட்டை அவள் மடியில் வைத்தாள். "வெடிச்சுப்போன உன்ர கையைச் சாமத்தியவீட்டிலை பார்த்தவுடனை விளங்கிச்சு. போன வருசம் வரைக்கும் நானும் ஒரு வீட்டிலை பூட்டுக்குள்ளை 'மச்சாள்' எண்ட பேரிலை வேலைக்காரியா இருந்தனான். சேகர்தான் தன்ர தகப்பனுக்கு ரெண்டாந்தாரம் கேக்கிறமாதிரி வந்து என்னை வெளியிலை எடுத்தவன். நான் கட்டியிருக்கிற இந்தப் பட்டு, அந்த வீட்டு அண்ணி அழுதழுது தந்த சீதனம்!"