புகை அள்ளும் காயில்

பிளாக்பூல் கடற்கரைத் தெருவில் உள்ள மின்சிகரெட் கடையில், டாரன் தன் கருவியில் திரவத்தைச் சூடாக்கிப் புகையாக்கும் கம்பிச்சுருளான காயிலைப் புதிதாக மாட்டி ஓர் இழுப்பு இழுத்தான். கடை முழுக்கப் புகை சூழ்ந்தது.

"அந்தக் காயிலோட மின்தடை எவ்வளவு தம்பி?" என்று கேட்டாள் அறுபது வயது கிளெண்டா.

"ரொம்பக் கம்மிம்மா. அப்பத்தானே புகை அள்ளும்."

"தடை குறையக் குறைய பேட்டரி கரண்டைக் கொட்டிச் சூடாகும். உன் பேட்டரி அதைத் தாங்குமான்னு பார்த்தியா?"

"அதெல்லாம் வேற பார்க்கணுமா?" என்றபடி டாரன் கருவியைக் கால்சட்டைப் பையில் போட்டான்.

அரை நிமிடத்தில் குதிக்க ஆரம்பித்தான். "சுடுதும்மா, சுடுது."

"கழட்டி வெளியே வீசு."

கால்சட்டை வாசலைத் தாண்டிப் பறந்து, நடைபாதையில் புஸ்ஸென்று பற்றிக்கொண்டது. கிளெண்டா தீயணைப்பானை எடுத்துக்கொண்டு ஓடினாள். அணைத்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

"தொடை தப்பிச்சுது. எத்தனை நாளா இந்தப் பழக்கம்?"

"இன்னிக்குக் காலைலதான் ஆரம்பிச்சேன்."

"அதானே பார்த்தேன். இனிமே தெரிஞ்சவங்களைக் கேட்டு மாட்டு."

தலையாட்டிய டாரன், ஜட்டியோடு நெளிந்தபடி கல்லாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"மன்னிச்சுக்குங்கம்மா. எங்க கடைக்கு வந்தவங்களை இவ்வளவு நேரம் காக்க வெச்சுட்டேன். உங்களுக்கு என்ன காட்டட்டும்?"